கோட்டுக்கு எந்தப் பக்கம்

பிளான் பிரிண்ட் கடைத் தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, ஸ்கேல் என்ன?" என்றான். "ஒண்ணுக்கு ஒண்ணு" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். மதுரையில் அந்த மாதிரிக் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் அனுமதிக்குப் போகிற வீட்டு வரைபடங்கள். 1:100-ல் இருக்கும். 10 மீட்டர் சுவர் தாளில் 10 சென்டிமீட்டர் கோடாக வரும். கொத்தனார் அந்தக் கோட்டை அளக்கமாட்டார். பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பார். தாள் கொஞ்சம் சுருங்கி வந்தாலும் வீடு சுருங்காது. என் தாளில் எண்கள் அதிகம் கிடையாது. கோடுதான் அளவு. அது ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் விமானத்திலும் ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் விழும்.

ரேடியோவில் இயங்கும் சின்ன விமானங்களை ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டுவது என் வேலை. வார நாட்களில் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு வெட்டிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. பார்க்க வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்பார்கள், பேட்டரி எத்தனை நிமிஷம் நிற்கும், எவ்வளவு உயரம் போகும் என்று கேட்பார்கள். தாளில் இருந்த கோடு அட்டைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் கையில் கெட்டுப்போன விமானங்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் கெட்டன.

பள்ளியில் படிக்கும்போது என்.சி.சி. விமானப் பிரிவு அண்ணன்கள் பால்சா மரத்தில் மாடல் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பால்சா ஈக்வடாரிலிருந்து வருகிற மரம். நகம் பட்டால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். அவர்கள் பலகைமேல் பிளான் தாளை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் காகிதம் போட்டு, மரக்குச்சிகளைக் கோட்டின் மேலேயே வைத்துக் குண்டூசி குத்தி ஒட்டுவார்கள். தாள் கீழே கிடக்கும், விமானம் அதன்மேல் எழும். கட்டி முடிகிறவரை ஒவ்வொரு குச்சிக்குக் கீழேயும் அதன் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். ஃபோம் போர்டில் அது நடக்காது. இங்கே கோடு தாளை விட்டுக் கிளம்பி அட்டைக்குப் போகவேண்டும். அந்தப் பயணத்தில்தான் எல்லாத் தவறும் ஏறிக்கொள்கிறது.

முதலில் அட்டை. நான் ஆரம்பித்த காலத்தில் மதுரையில் ஃபோம் போர்டு என்று கேட்டால் கையில் கொடுப்பது சன்போர்டுதான். போர்டு எழுதுகிறவர்கள் பயன்படுத்துகிற பி.வி.சி. தகடு. வெள்ளையாக, வழவழப்பாக, நேராக இருக்கும். பார்த்ததும் ஆசை வரும். 20 அங்குலத்துக்கு 30 அங்குலம், 5 மில்லி கனத்தில் ஒரு தகட்டை நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோவை நெருங்கும். அதே அளவில், இரண்டு பக்கமும் தாள் ஒட்டி நடுவில் பாலிஸ்டைரீன் நுரை வைத்த உண்மையான ஃபோம் போர்டு எனக்குக் கிடைப்பது 200 கிராம் அக்கம்பக்கம்தான். இன்னும் லேசானதும் உண்டு. என் முதல் விமானம் சன்போர்டில் செய்தது. தரையில் நன்றாக ஓடியது. தரையை விடவே இல்லை.

தெர்மாகோல் எடுத்தாலோ வேறு தொல்லை. வெறும் தெர்மாகோலுக்கு மேலே தோல் கிடையாது. கோடு போட்டால் மணிமணியாக உதிரும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்ட தெர்மாகோல் தகடுகளைக் காற்று கரையில் ஒதுக்கியதை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்தோம். லேசான தகட்டைக் காற்று எவ்வளவு எளிதாகத் தூக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அதே லேசும் வேண்டும், கோடு நிற்க ஒரு தோலும் வேண்டும். ஃபோம் போர்டில் இரண்டும் இருக்கின்றன. அந்தத் தாள்தான் எலும்பு மாதிரி: நுரை கனத்தைக் கொடுக்கிறது, இரண்டு பக்கத் தாளும் வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத் தாளை ஈரம் இழுத்தாலும் அட்டை முதலைபோல முதுகு வளைத்துவிடும்.

இந்த அட்டையில் விமானம் செய்வதை உலகம் முழுக்கப் பரப்பியதில் அமெரிக்காவின் ஒகையோவிலிருந்து இயங்கும் ஃபிளைட் டெஸ்ட் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-க்குப் பிறகு அவர்கள் வரைபடங்களை இலவசமாகவே கொடுத்தார்கள். அங்கே டாலர் ட்ரீ கடையில் மலிவாகக் கிடைத்த 20 × 30 அங்குல அட்டைதான் அவர்களுடைய அளவுகோல். வரைபடம் இலவசம், ஆனால் அது அமெரிக்கத் தாளுக்குப் போட்டது. அங்கே வழக்கத்தில் இருக்கும் லெட்டர் தாள் 216 மில்லி அகலம், 279 மில்லி நீளம். நம்முடைய ஏ4 210 மில்லி அகலம், 297 நீளம். நம் தாள் நீளத்தில் கூட, அகலத்தில் குறைவு. அந்தப் பக்கங்களை அப்படியே இங்கே பிரிண்ட் கொடுத்தால், அகலம் கொள்ளாததால் கம்ப்யூட்டர் கேட்காமலேயே படத்தைச் சுருக்கிவிடும். 97 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ போகும்.

எனக்கு இது தெரிந்தது, வாலை அசைக்கிற குட்டி மோட்டாரான சர்வோ வழியாக. 9 கிராம் சர்வோவின் உடம்பு சுமார் 23 மில்லி நீளம். ஒரு முழு விமானத்தையும் வெட்டி, மடித்து, ஒட்டி முடித்துவிட்டு சர்வோவை அதன் ஓட்டைக்குள் வைத்தால் நுழையவில்லை. ஓட்டை 22 மில்லிதான் இருந்தது. ஓட்டையைச் சீவி நுழைத்துவிடலாம். கை கத்தியை எடுத்தும்விட்டது. அப்புறம்தான் யோசித்தேன்: ஓட்டை சுருங்கியிருந்தால் வேறு எதெல்லாம் சுருங்கியிருக்கும்? அரை மீட்டர் இறக்கை 485 மில்லியாக இருந்தது. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கினால்கூடப் பறக்கும். என்னுடையதில் இரண்டு பக்கங்களை மட்டும் வேறொரு நாள் வேறொரு கடையில் சரியான அளவில் எடுத்திருந்தேன். இறக்கை ஒரு விமானத்துடையது, வால் இன்னொரு விமானத்துடையது.

இப்போதெல்லாம் எந்த வரைபடத்தையும் பிரிண்ட் கொடுக்கும் முன்னால் கம்ப்யூட்டரிலேயே இரண்டு கோடு சேர்க்கிறேன். ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் 100 மில்லி நீளத்தில் ஒரு சின்னக் கோடு. பிரிண்ட் வந்ததும் கடையிலேயே ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளப்பேன். அப்பாவின் இஞ்சு டேப்பால் அளக்கமாட்டேன். துணி டேப் வருஷம் ஆக ஆக நீண்டுபோகும். இன்னொன்று, எல்லாப் பக்கங்களையும் கடந்து மூலைக்கு மூலை ஓடும் ஒரே நீளக் கோடு. அதன் அருமையைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய பிளாட்டரில் ஏ0-வாக எடுத்தால் ஒட்டு இல்லை. ஏ4-ஆக எடுத்துச் செல்லோ டேப் போட்டு ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் அரை மில்லி போகும். மூன்று ஒட்டில் ஒன்றரை. பிள்ளைகளுக்கு ஏ4-தான் கட்டுப்படியாகும். ஜெராக்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால் ஏ4-லேயே சரியாக ஒட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை என்று வைத்துக்கொண்டேன்.

தாளை அப்படியே அட்டைமேல் ஒட்டிவிட்டுக் கோட்டின் மேலேயே வெட்டலாமே என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெள்ளைப் பசையை நீர்விட்டுத் தடவினேன். தாள் ஈரத்தில் நீண்டு சுருக்கம் விழுந்தது. தேய்த்துச் சரிசெய்தேன். காலையில் பார்த்தால் அட்டை தொட்டில் மாதிரி வளைந்திருந்தது. நனைந்த தாள் நீளும், காயும்போது இழுக்கும். அட்டையின் மேல்பக்கத்தை மட்டும் அது இழுத்தது. ஈரமில்லாத ஸ்பிரே பசை அடித்தால் வளையாது. ஆனால் எடை? 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஒரு விமானத்துக்கு 12 தாள் என்றால் 60 கிராம், பசை தனி. 600 கிராம் விமானத்தில் பத்தில் ஒரு பங்கு வெறும் வரைபடம். வெட்டியபின் உரித்து எடுக்கலாம் என்றால் அட்டையின் சொந்தத் தாளும் கூடவே பிய்ந்து வந்துவிடுகிறது. இன்றைக்கும் நான் தாளை ஒட்டுவதுண்டு, நாலு ஓரத்தில் மட்டும், குளூ ஸ்டிக்கால், நகராமல் பிடித்துக்கொள்ள.

கார்பன் பேப்பர் வைத்து பால்பாயின்ட் பேனாவால் அழுத்தியும் பார்த்தேன். கோடு வரும், ஆனால் நுரையில் பள்ளமும் விழும். கை படும் இடமெல்லாம் நீலக் கறை. கறையில் ஹாட் குளூ சரியாகப் பிடிக்காது. சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் லேசர் பிரிண்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் செம்புத் தகட்டில் ஏற்றுவார்கள். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு நண்பர் அதைச் செய்யச் சொன்னார். அந்தச் சூட்டுக்கு நுரை நிற்காது, அமுங்கிப்போகும். ஒரே ஒரு தடவை செய்தேன்.

எனக்கு வழி காட்டியது மதினி. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு மதினி வீட்டிலேயே பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மாடியில் நான் கார்பன் பேப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது துணி காயப்போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எதுக்குத் தம்பி இம்புட்டு அழுத்துறீங்க? குத்திட்டுப் போக வேண்டியதுதான?"

கீழே கூப்பிட்டுப்போய்க் காட்டினார்கள். டிரேசிங் தாளில் டிசைன். கோடு முழுக்க ஊசியால் நெருக்கமாகக் குத்திய பொடி ஓட்டைகள். அதைத் துணிமேல் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து ஒரு துணிப்பந்தால் தேய்த்தார்கள். தாளை எடுத்தால் பட்டுத்துணிமேல் வெள்ளைப் புள்ளிகளில் மாங்காய் டிசைன் நின்றது. அடுத்து தாளைத் திருப்பிப்போட்டார்கள். அதே ஓட்டைகள் வழியாக, அதே டிசைன், எதிர்ப்பக்கம் பார்த்த மாங்காய். "இது வலது கை, அது இடது கை. ரெண்டு தாள் எதுக்கு?"

அந்த மாங்காயைப் பார்த்தபடி நான் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இரண்டு இடது இறக்கை வெட்டியிருந்தேன். பெரும்பாலான பிளானில் ஒரு பக்க இறக்கைதான் இருக்கும். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவேண்டும். மை ஒரு பக்கம்தான் தெரியும், அதனால் திருப்பிப்போட்டால் எதுவும் தெரியாது. திருப்பாமல் வெட்டினால் இரண்டும் ஒரே கை. தட்டை அட்டைதானே, கவிழ்த்துவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் மேல்பக்கம் இருக்கவேண்டிய பாதி ஆழ வெட்டுகள் கீழ்ப்பக்கம் போய்விடும், மடிப்பு தலைகீழாகும். ஓட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஆரி ஒர்க் போடுகிறவர்களுக்கு இது என்றைக்கோ தெரிந்த விஷயம்.

மண்ணெண்ணெய் எனக்கு ஒத்துவரவில்லை. அட்டையின் தாள் எண்ணெயைக் குடித்துக்கொண்டது, அந்த இடத்தில் பசை நிற்கவில்லை. உலர்ந்த பொடியை மட்டும் தேய்த்துப் பார்த்தேன். மாடிக் காற்று கொண்டுபோனது. கொஞ்ச நாளில் பொடியே வேண்டாம் என்று புரிந்தது. துணியில் ஓட்டை தங்காது, அதனால் அவர்களுக்குப் பொடி வேண்டும். அட்டையில் ஓட்டை தங்கும். ஊசி தாளைக் கடந்து அட்டைக்குள் இறங்கினால் அந்த ஓட்டையே குறி.

குண்டூசி வளையும். நான் வைத்திருப்பது தையல் மெஷின் ஊசி, 11-ஆம் நம்பர், 0.75 மில்லி கனம். ஒரு மரக்கைப்பிடியில் ஹாட் குளூ போட்டு இறுக்கியிருக்கிறேன். நேர்கோட்டுக்கு இரண்டு முனையில் இரண்டு குத்து, அவ்வளவுதான். மிச்சத்தை ஸ்டீல் ஸ்கேல் பார்த்துக்கொள்ளும். வளைவுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று, வளைவு இறுக இறுக அரை சென்டிமீட்டருக்கு ஒன்று. புதிதாக வருகிற பிள்ளைகள் நேர்கோட்டையும் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். அப்படிக் குத்திய கோட்டில் கத்தி போனால் தபால்தலை ஓரம் மாதிரிப் பிய்யும்.

குத்தில் ஆழமும் ஒரு மொழி. முழுக்க வெட்டவேண்டிய கோட்டின் முனைகளில் ஊசியை அடிப்பக்கம் வெளியே வரும்வரை இறக்குவேன். பாதி வெட்டு, அதாவது மேல்தாளையும் நுரையையும் வெட்டி அடித்தாளைக் கீலாக விடுகிற கோட்டுக்கு, மேல்தாளை மட்டும் துளைத்து நிறுத்துவேன். அட்டையைத் திருப்பினால் முழு வெட்டின் முனைகள் மட்டும் பின்னால் தெரியும். வாலில் அசையும் எலிவேட்டர், இறக்கையில் அசையும் ஐலரான் இவற்றின் கீல்களுக்கு நுரையை 45 டிகிரி சாய்த்துச் சீவவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து சீவுவது என்பதில் இனிமேல் குழப்பமில்லை. விரலால் தடவினாலே தெரியும். ஊசியைச் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். 5 மில்லி கனத்தில் ஊசி சற்றுச் சாய்ந்தாலும் பின்பக்க ஓட்டை ஒரு மில்லி நகர்ந்துவிடும்.

குறி வந்துவிட்டது. அடுத்து வெட்டு. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா.

அப்பா அப்போது புதுமண்டபத்தில் டெய்லர். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள் இருந்தன. ஊருக்கு வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போவார்கள், திரும்பி வரும்போது சட்டை தயாராக இருக்கும். அந்த வேகத்தில் தைக்கிறவருக்கு அளந்துகொண்டிருக்க நேரமில்லை. கோடும் கத்திரியும் ஒரே தடவையில் சரியாகப் போகவேண்டும். ஒரு மத்தியானம் நான் வெட்டிய துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். உடம்பின் இரண்டு பக்கப் பலகைகள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். ஒன்று ஒரு மில்லி பெரிது.

"கோட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டுன?"

"கோட்டு மேலதான்ப்பா."

"கோட்டுக்கே ஒரு கனம் இருக்குல்லடா. ஒருதடவை கோட்டைத் தின்னு வெட்டியிருக்க, இன்னொரு தடவை கோட்டை விட்டு வெட்டியிருக்க. ஒண்ணு எப்பவும் தின்னு, இல்லைன்னா எப்பவும் விடு. மாத்தி மாத்திச் செஞ்சா தோள் ரெண்டும் ஒண்ணா உக்காராது."

அதற்குப் பிறகு நான் மார்க்கர் தொடுவதில்லை. 0.5 மில்லி பென்சில். துண்டுக்குள் துண்டு நுழைகிற நாக்குகளில் கோட்டை விட்டு வெட்டுவேன், அவை நுழைகிற ஓட்டைகளிலும் கோடு அட்டையிலேயே நிற்கும்படி உள்பக்கம் வெட்டுவேன். முதலில் இறுக்கமாக இருக்கும், ஒரு சீவலில் சரியாக உட்காரும். லூசாக வெட்டியதை இறுக்க வழியில்லை.

தையலுக்கு விடுவது என்று டெய்லர்கள் சொல்கிற கணக்கும் இங்கே உண்டு. துணியில் அது மடிப்புக்கு விடுகிற அரை அங்குலம். அட்டையில் அது அட்டையின் கனம். அமெரிக்க அட்டை 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லி, நமக்குக் கிடைப்பது 5. கால் மில்லி வித்தியாசம்தான், நுரை அமுங்கிக்கொடுக்கும். டெப்ரான் என்கிற 3 மில்லி நுரைத் தகட்டுக்குப் போட்ட பிளானை 5 மில்லி அட்டையில் வெட்டும்போதுதான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். உடம்பின் வெளி அகலம் 70 மில்லி என்றால், இரண்டு பக்கப் பலகைக்கு நடுவே உட்காரும் அடிப்பலகை டெப்ரானில் 64 மில்லி, நம் அட்டையில் 60. பிளானில் 64 என்று கோடு இருக்கும். அதை அப்படியே அட்டைக்குக் கொண்டுவந்தால் உடம்பு 74 மில்லியாகும், இறக்கை உட்காரும் தொட்டி பிளந்து நிற்கும். கோட்டை நகலெடுப்பதற்கு முன் அந்தக் கோடு எந்தக் கனத்துக்குப் போட்டது என்று கேட்கவேண்டும். நான் வகுப்பில் முதல் ஞாயிறு முழுக்க இதற்கே செலவழிக்கிறேன். பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான். பெற்றோர்களுக்கு அதைவிடச் சலிப்பு. மாற்றிக்கொள்ள எனக்கு மனசில்லை.

மூலைக்கு மூலை ஓடும் கோட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு மார்கழிக் காலை, அலங்காநல்லூருக்கு மேற்கே ஒரு வறண்ட கண்மாய். புதிதாகச் செய்த ஒரு மீட்டர் இறக்கை விமானம். பனி விலகி, காற்று இலையைக்கூட அசைக்காத நேரம். ஆடியில் அம்மி பறக்கிற அதே ஊர்தான். கையிலிருந்து விட்டேன். மூக்கைத் தூக்கியது. எலிவேட்டரை இறக்கிப் பிடித்தேன். மோட்டாரைக் கூட்டினால் மறுபடி தூக்கியது, குறைத்தால் தொங்கியது. இறக்கினேன். எடை மையத்தைப் பார்த்தேன், இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து 28 சதவீதத்தில் இருந்தது. சரி. பேட்டரியை முன்னே தள்ளினேன். மோட்டாரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தேன். இரண்டு வாரம் அந்தக் கண்மாய்க்கும் வீட்டுக்கும் அலைந்தேன். கடைசியில் உடம்புப் பலகையைப் பிளான் தாளின் மேலேயே வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. என் வெட்டில் தவறில்லை. தாளில்தான் தவறு. இறக்கை உட்காரும் தொட்டியின் நடுவே இரண்டு ஏ4 தாள்களின் ஒட்டு போயிருந்தது. ஒட்டும்போது பின்தாள் மூன்று மில்லிக்குமேல் கீழே இறங்கியிருந்தது. இறக்கையின் அகலம் 200 மில்லி. 200 மில்லியில் மூன்றரை மில்லி என்பது ஒரு டிகிரி. இறக்கையின் பின்ஓரம் அந்த அளவு இறங்கி, விமானம் காலம் முழுக்க ஒரு டிகிரி வானம் பார்த்தபடியே இருந்திருக்கிறது.

ஒட்டில் குறுக்கே போகும் படுக்கைக் கோடு இருந்தால் இறங்கியது தெரிந்திருக்கும். நிலைக்கோடு இருந்தால் விலகியது தெரிந்திருக்கும். சாய்கோட்டில் அநேகமாக எந்தப் பக்கம் நழுவினாலும் ஒடிவு தெரியும். ஸ்கேலை அதன்மேல் வைத்து ஒளிக்கு எதிரே பார்த்தால் அரை மில்லி ஒடிவும் கண்ணுக்குப் படும். அன்றிலிருந்து அந்தச் சாய்கோடு இல்லாமல் ஒரு பிளானும் என் மேசைக்கு வருவதில்லை.

பறக்கவிடும் இடத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மதுரை விமான நிலையம் தெற்கே இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் அனுமதி இல்லாமல் போகக்கூடாது, 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது. அதனால்தான் நாங்கள் நகரைத் தாண்டி வடக்கேயும் மேற்கேயும் போகிறோம். அரிட்டாபட்டிப் பக்கம் போவதில்லை. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட குன்றுகள் அவை. ராஜாளிகளும் கழுகுகளும் கூடு வைக்கிற பாறைகள். மற்ற இடங்களிலும் கரும்பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுவேன். வெப்பக்காற்று எங்கே எழுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது, அதற்கு அந்த மரியாதையாவது செய்யவேண்டும்.

சித்திரை, வைகாசியில் பறப்பதைவிட வெட்டுவதுதான் அதிகம். மூடிய காருக்குள் ஒரு மணிநேரம் வைத்த விமானத்தில் ஹாட் குளூ இளகி வால் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் தாள் ஈரம் வாங்கி நீளும். மீட்டருக்கு ஓரிரு மில்லிகூட வரும். அந்த மாதங்களில் பிரிண்ட் எடுத்த அன்றே குத்திவிடுவேன்.

லேசரில் வெட்டக் கொடுத்தால் என்ன என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஃபோம் போர்டை லேசரில் வெட்டி கிட்டாக விற்கிறார்கள், அது நடக்கிற காரியம்தான். சன்போர்டை மட்டும் லேசருக்குக் கொடுக்கக்கூடாது, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு. மற்றபடி பத்து விமானம் ஒரே மாதிரி வேண்டுமென்றால் லேசர் நல்லது. ஒரே ஒரு விமானத்தை முதல்முறை செய்கிறவர் கையால் குத்தி வெட்டுவதையே நான் விரும்புகிறேன். ஒவ்வொரு கோட்டையும் ஊசியால் கடந்து வந்தவருக்கு எந்தக் கோடு எதைத் தாங்குகிறது என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குத்திக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்: "சார், இறக்கை மேல ஒரு பாதி அட்டைய ஒட்டி ஏன் படி மாதிரி விடுறோம்?" அது கிளைன்–ஃபோகல்மேன் இறக்கை. ரிச்சர்ட் கிளைன் என்ற அமெரிக்கர் காகித விமானம் மடிக்கும்போது கண்ட வடிவம். 1972-ல் அவரும் ஃபோகல்மேனும் காப்புரிமை வாங்கினார்கள். எங்கள் விமானத்தில் படி இறக்கை அகலத்தின் சரிபாதியில், முன்ஓரத்துக்கு இணையாகப் போகவேண்டும். அவள் குத்திய இரண்டு புள்ளிகளில் ஒன்று ஐந்து மில்லி பின்னால் இருந்தது. கேள்வி கேட்டதால் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததால் கண்டுபிடித்தாள்.

குத்திய தாள் இருபது, முப்பது தடவைக்கு மேல் வராது. ஓட்டை பெரிதாகி ஊசி ஆடத் தொடங்கும். எங்கள் வகுப்பின் பயிற்சி விமானத்தின் தாள் அப்படி ஆனபோது அப்பா அதைக் கேட்டு வாங்கிப் போனார். டெய்லர்கள் அடிக்கடி தைக்கிற அளவுகளைத் தடித்த அட்டையில் வெட்டி ஆணியில் மாட்டியிருப்பார்கள். காலர் ஒன்று, கை ஒன்று, பாக்கெட் ஒன்று. அதே அட்டையில் என் இறக்கையையும் வாலையும் உடம்பையும் வெட்டிக்கொண்டு வந்தார். துண்டுக்கு ஒரு ஓட்டை, ஒரே கயிற்றில் கோர்வை. இறக்கை அட்டையை ஃபோம் போர்டுமேல் வைத்து, ஓரத்தை ஒட்டிப் பென்சிலை ஓட்டினால் போதும். திருப்பிப்போட்டால் மறு இறக்கை.

புதுமண்டபக் கடைகளுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் ஒதுக்கியபோது சாமான்களை மாற்ற நானும் போனேன். மெஷினை முதலில் இறக்கினோம். பிறகு தூணோரம் இருந்த ஆணியிலிருந்து அட்டைக் கோர்வைகளை அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி என் தோளில் போட்டார். 38 காலர், 40 காலர், பள்ளி யூனிஃபார்ம் கை. அவற்றுக்கு நடுவே என் விமானத்தின் இன்னொரு கோர்வை. வீட்டில் இருப்பது தேய்ந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்று கூடுதலாக வெட்டி வைத்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. அதில் இறக்கை அட்டையின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் "வலது – மேல்பக்கம் – கோட்டை விடு" என்று இருந்தது. எடை மையத்துக்கு நான் போடுகிற வட்டக்குறியின் இடத்தில் ஒரு புள்ளி குத்தி, பக்கத்தில் "இங்க தூக்கு" என்று எழுதியிருந்தார்.